சாவி என் கையில் இருந்த மத்தியானம்

அந்த மாளிகையைக் கட்டியவர் நீதிபதி ஜெரோனிமோ. லிஸ்பனிலிருந்து சரவிளக்கு வரும் கப்பலுக்காகத் துறைமுகத்தில் ஒன்பது நாள் பழியாய்க் கிடந்தாராம். அவர் வம்சம் பேரனோடு முடிந்தது. பிறகு டாக்டர் தெயோத்தோனியோ வாங்கினார். அவர் பிள்ளைகள் கனடா போனதும் கப்பல் இன்ஜினியர் ஒருவர். ஒவ்வொரு முறையும் கிணறு, மாமரங்கள், தோட்டத்து ஓரக் குடிசையில் நாங்கள் என்று எல்லாம் சேர்ந்தேதான் கைமாறினோம். மூன்று குடும்பமும் எங்களுக்குக் காட்டியது பின்வாசல் மட்டும்தான்.

ஏழு வயதில், டாக்டர் மகள் கல்யாணத்தன்று, ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கூடத்தில் பெண்கள் விசிறியோடு மாண்டோ ஆடினார்கள். அந்தத் தரையை எத்தனையோ முறை முழங்காலிட்டுத் துடைத்திருக்கிறேன். ஒருமுறை அதில் ஆட வேண்டும் என்ற ஆசை அறுபது வயதிலும் விடவில்லை. வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

இன்ஜினியரும் விற்றுவிட்டார். "புனேலேர்ந்து ஒரு அம்மா நாலு மணிக்கு வருவாங்க, குடுத்துடு பிளசித்தா" என்று சாவியைக் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினார். புது அம்மா தரையைப் பெயர்த்து ஹோட்டலாக்கப் போவதாகப் பேச்சு. இன்றைக்கு விட்டால் அவ்வளவுதான்.

என் புருஷன் பஸ்க்வாலைத் தோப்பிலிருந்து இழுத்து வந்தேன்.

"பைத்தியமா உனக்கு? யாராவது பாத்தா?"

"பழைய முதலாளி போயாச்சு, புதுசு வரல. இப்ப இது யார் வீடு, சொல்லு பாப்போம்?"

"என் முட்டிவலியக் கேளு."

"நம்ம கல்யாணத்துல ஃபெனி குடிச்சிட்டு ஆடினியே, அப்ப எங்க போச்சு முட்டி?"

சிரித்துவிட்டார். முதன்முறையாக முன்வாசலைத் திறந்தேன்.

மாண்டோவில் தொட்டுக்கொள்வதில்லை. எதிரெதிரே நின்று, நெருங்கி, விலகி, இடம் மாற வேண்டும். கையில் என் அடுப்பு விசிறி. நான் பாட, அவர் கூடவே முனகினார். கண்ணாடிக்குப் பதில் சிப்பி பதித்த ஜன்னல்களில் வெயில் பாலாக இறங்கியது. தரையில் நடக்கிறேனா, தண்ணீரிலா என்றே தெரியவில்லை. என்னைப் பெற்ற அம்மா ஜன்னலுக்கு வெளியே நின்று பார்ப்பதுபோல் இருந்தது.

பாட்டு முடிந்தபோது முன்வாசலில் ஒரு பெண், கையில் பத்திரக் கவரோடு. பஸ்க்வால் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பின்வாசல் பக்கம் நகர்ந்தார். நான் விசிறியை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

அவள் செருப்பைக் கழற்றினாள். படியைத் தாண்டவில்லை.

"ஒரு மணி நேரம் முன்னாடியே வந்துட்டேன். உள்ள வரலாமா?"

அந்த வீட்டில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"வாங்கம்மா, வாங்க" என்றேன், வீட்டுக்காரியாக.