நானூறு டிகிரிக் கண்ணாடி

"கண்ணாடி வழியா பேப்பர் படிக்கணும். அதே கண்ணாடி மேல கரண்டும் ஓடணும். இதுதாங்க என் ஆராய்ச்சி."

"அவ்ளோதானா? நான் இன்னாவோன்னு பயந்துட்டேன். மேல ஒரு கோட் அடிக்கணும், அதானே? எங்க ஆம்பூர் பட்டறைக்குக் கொண்டா, பளபளன்னு அடிச்சுத் தர்றேன்."

கல்யாணமான புதிதில் முனீர் அகமது இப்படிச் சொல்லிச் சிரித்தது அக்தர் பானுவுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. தோலுக்குச் சாயம் அடிக்கும் ஸ்பிரே கன்னோடு அவன் இப்போது நிஜமாகவே வேலூரில், அவளுடைய கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நின்றிருந்தான்.

எம்.ஃபில். முடியும் தறுவாயில் இருந்தது. "கண்ணாடி மேல கரண்ட் ஓடற ஒரு நல்ல படலம் காட்டும்மா, பிஎச்.டி.க்கு நானே எழுதித் தர்றேன்" என்றிருந்தார் பேராசிரியர் ஆரோக்கியசாமி. ஆனால் மாமியார் சரி சொன்னது எம்.ஃபில்.லுக்கு மட்டும்தான். மேலே படிக்க வேண்டுமென்று கணவனிடம் கேட்க வேண்டும். வெறுங்கையோடு கேட்க வாய் வராமல், படலம் வரட்டும் என்று பானு மாதக்கணக்கில் தள்ளிக்கொண்டே வந்தாள்.

சூட்டுத் தகட்டின் மேல் கண்ணாடித் துண்டு நானூறு டிகிரியில் காய்ந்துகொண்டிருந்தது. துத்தநாக உப்புக் கரைசலை முனீர் தோலுக்கு அடிப்பதுபோலவே, கை நிற்காமல், ஈரத்தின் மேல் ஈரமாக அடித்தான். குப்பென்று காடி நெடி கிளம்பியது.

"ஊறுகாய் போடறியா பானு?"

ஆறவைத்து எடுத்தால், சுண்ணாம்பு பூசியதுபோல் ஒரே வெள்ளை. கம்பிகளை வைத்துப் பார்த்தால் கரண்ட் மீட்டரின் முள் அசையவே இல்லை.

"பேஜாரா போச்சே!" முனீரின் முகம் தொங்கிவிட்டது.

அவன் அடித்தபோது பானு வெப்பமானியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிக்க அடிக்க அது முந்நூறுக்கும் கீழே இறங்கியதை அவள் கவனித்திருந்தாள்.

"தோல் ஈரத்தைக் குடிக்கும். கண்ணாடி குளிர்ந்துபோவுதுங்க. துளி தொட்டதுமே காயணும். கொஞ்சம் அடிச்சு நிறுத்துங்க. சூடு ஏறினதும் நான் சொல்றேன், மறுபடி அடிங்க."

"வீட்லதான் நீ முதலாளி, இங்கயுமா?"

"ஜாஸ்தி பேசாதீங்க, அடிங்க."

புதிய கண்ணாடித் துண்டின் மேல் ஒரு மூச்சு அடிப்பான். வெப்பமானி நானூறுக்குத் திரும்பும்வரை காத்திருப்பான். பழகிய கை நிற்க மறுக்கும்போதெல்லாம் பானு அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவனும் வேண்டுமென்றே இரண்டு தடவை நிறுத்த மறந்தான்.

சாயங்காலம் ஆறிய கண்ணாடியைச் செய்தித்தாள் மேல் வைத்தாள். சினிமா விளம்பரத்தின் பொடி எழுத்துகூடத் தெளிவாகத் தெரிந்தது. மீட்டர் கம்பிகளை வைத்தாள். முள் துள்ளி எதிர்ப்பக்கம் போய் நின்றது.

"ஓடுதா?"

"ஓடுதுங்க!"

பக்கத்து அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த பேராசிரியரைக் கூப்பிட முனீர் திரும்பினான். பானு அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சாரை அப்புறம் கூப்பிடலாம். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

அவன் ஸ்பிரே கன்னைக் கீழே வைத்தான். "கேளேன்."

"நான் பிஎச்.டி. சேரணுங்க. இன்னும் மூணு வருஷம் ஆவும். மாமிகிட்ட நீங்க என் பக்கத்துல உக்காந்து சொல்லணும்."