தண்ணீர்ச் செடியின் சமையல்

மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு தையற்காரி பிராணவாயுக் குழாய் எட்டும் தூரத்தைத் தாண்டி நடக்கவே இல்லை. நுரையீரல் தேறிவிட்டது, பகலில் கொஞ்ச நேரம் குழாயைக் கழற்றிவிட்டு நடமாடலாம் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். அவளுக்குத்தான் துணிச்சல் வரவில்லை. தலைமாட்டில் பிராணவாயு மிஷின் உறுமுவதைக் கேட்டபடி படுத்திருப்பாள்.

அவள் கணவர் வண்ணமீன் கடைக்காரர். கடையில் ஒரு தொட்டி விரிசல் விட்டதால், அதிலிருந்த செடிகளைக் கண்ணாடி ஜாடியில் போட்டுக் கொண்டுவந்து கூடத்து ஜன்னலில் வைத்திருந்தார். வெயில் ஏறியதும் ஜாடிக்குள் ஏதோ மினுங்கி மினுங்கி மேலே போவது உள்ளறைக் கட்டிலிலிருந்தே தெரிந்தது.

“ஏங்க, அந்தச் செடி அழுகுது போல. நுரை விடுது.”

அவர் குனிந்து பார்த்தார். வெட்டுப்பட்ட தண்டின் நுனியிலிருந்து கடுகைவிடச் சிறிய குமிழிகள் நூல் பிடித்தாற்போல் ஏறிக்கொண்டிருந்தன.

“அழுகல. சமைக்குது. தண்ணியையும் நாம விடற கரியமில வாயுவையும் எடுத்து, வெயில்ல சர்க்கரை பண்ணிக்குமாம். மிச்சம்தான் இப்படி வெளிய வருது. உன் மிஷின் குடுக்குதே, அதே காத்துதான்.”

“அது சமைச்சா பிராணவாயு வருது. நீங்க சமைச்சா புகைதான் வருது.”

அவள் கேலி பேசிக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. அவர் சிரித்துக்கொண்டே, ஜாடியில் வெயில் படாதபடி ஜன்னல் திரையை இழுத்து மூடினார்.

“நின்னுடுச்சா?”

“கொறையுது. இரு.”

“எனக்குத் தெரியலயே.”

எழுந்து வந்தாள். கூடத்து வாசலில் குழாய் விறைத்து அவளை நிறுத்தியது. ஜாடியை எடுத்து வரக் கை நீட்டியவர், என்ன நினைத்தாரோ, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு குழாயை மூக்கிலிருந்து எடுத்துக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து ஜன்னலுக்கு வந்தாள்.

ஜாடியில் ஒரு குமிழிகூட இல்லை. திரையை அவளே விலக்கினாள். தண்டு சும்மா இருந்தது. பிறகு ஒன்று வந்தது. யோசித்து யோசித்து இன்னொன்று.

“என் மூச்சும் இதுக்குச் சமையல் சாமானா?”

“அப்படித்தான் நெனைக்கிறேன். ஊதிப் பாரேன்.”

அவர் உறிஞ்சுகுழல் கொண்டுவந்து கொடுத்தார். அவள் ஊதினாள். தண்ணீர் கலங்கியது, மூச்சு சீக்கிரமே தீர்ந்தது, இருமல் வந்தது. அவர் ஸ்டூலை நகர்த்தினார். உட்காராமல் மறுபடியும் ஊதினாள்.

“அதிகமாகுமா?”

“தெரியல. தண்ணி அடங்கட்டும்.”

அது அடங்கும்வரை சும்மா நிற்கப் பிடிக்காமல் ஜன்னல் கதவைத் திறந்தாள். எதிர்ச் சாரியில் ஒரு பெரிய மரம் உச்சி முதல் அடிவரை வெயிலில் நின்றது. அவ்வளவு இலைகளும் சமைத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்; பார்த்தால் எதுவும் நடப்பதாகவே தெரியவில்லை.