ஆறு மணித் தண்ணீர்

வயரை வெட்டி, ஃபியூஸைப் பிடுங்கி, மோட்டாரையே கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிய பிறகும், மின்சார அலுவலக அதிகாரியின் வீட்டில் அது தினமும் மாலை ஆறு மணிக்குத் தண்ணீர் ஏற்றியது. தொட்டி நிரம்பி, மாடியிலிருந்து வழிந்து, எல்லார் வாசலையும் தொட்டுக்கொண்டு தெருமுனை வரை ஓடும். ஒன்பதுக்கு நிற்கும்.

அந்தத் தெரு டிரான்ஸ்ஃபார்மர் ஆறிலிருந்து ஒன்பது வரை சுமை தாங்காது. புதுக் கேபிள் வர ஐந்து வருடமாம். அதனால் மோட்டார், வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் மதியத்துக்கு மாற்றச் சொல்லி, அவர்தான் வீடு வீடாக ஏறி நாற்பத்தொரு கையெழுத்து வாங்கினார். முதல் கையெழுத்து அவருடையது. சலவைக்கடை அக்கா பாவம், "நீங்க சொன்னா சரிதான் தம்பி" என்று போட்டுவிட்டு, கொளுத்தும் மதியத்தில் நான்கு மெஷினோடு வெந்தாள். ஐயாவுக்கோ மதியம் ஏற்றி வெயிலில் காய்ந்த தொட்டித் தண்ணீர் உடம்பைச் சுட்டதாம். ஒரே ஒரு மோட்டார், குடியா முழுகிவிடும்? சத்தம் வெளியே கேட்காமல் பழைய மெத்தையைப் போட்டு மூடி, எட்டு மாதம் ஆறு மணிக்கே ஓட்டினார். ஒருநாள் அணைத்தார், அது அணையவில்லை.

தண்ணீர் சலவைக்கடைப் படியேறிய அன்று மானம் கப்பலேறியது. அக்கா திட்டவில்லை. "உங்க வீட்டுத் தண்ணியா தம்பி?" என்று மட்டும் கேட்டாள். வெட்கம் பிடுங்கித் தின்ன, அவர் இரண்டு தெரு சுற்றி வேலைக்குப் போனார். தெருவோ முதலில் வாளி வைத்தது, பிறகு பைப்பே போட்டது. யாரும் மோட்டார் போடவில்லை. அவருடையது ஒரு யூனிட்கூடத் தின்னவில்லை. சுமை குறைந்ததற்காக அலுவலகம் அவருக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தது. அதை பீரோவில் குப்புறப் போட்டார்.

மூன்றாம் வருடம் பொறுக்கமாட்டாமல் அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதார். "விடுங்க தம்பி, நான் அன்னிக்கே மறந்துட்டேன்" என்றாள். அப்பாடா என்றிருந்தது. அன்று தண்ணீர் நூலாக வந்தது, மறுநாள் வரவேயில்லை. ஆறு மணித் தண்ணீரையே நம்பியிருந்த தெருவே ஒரே நேரத்தில் மோட்டாரைப் போட்டது. டிரான்ஸ்ஃபார்மர் ஆறேகாலுக்குப் படுத்துவிட்டது.

அடுத்த நாள் ஆறு மணிக்கு அக்கா வாளியோடு அவர் வாசலுக்கு வந்தாள். பின்னால் தெருவே நின்றது. அவளுக்கும் கூச்சமாகத்தான் இருந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி. நான் மறக்கல. அந்த மதிய வெயில்ல ரெண்டு தடவ மயங்கி விழுந்தேன். உங்ககிட்ட சொல்லல."

அவர் தலை குனிந்தது. மாடியிலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியது. அக்கா வாளியைப் பிடித்தாள்.