அண்டாவில் போன கதை

பொன்னுரங்கம் அண்ணனின் வாடகைப் பாத்திரக் கடையை நான் மூன்றாம் முறை கடந்தபோது அவரே கூப்பிட்டுவிட்டார்.

"இன்னாம்மா, ரோட்டை அளந்துகினு கீற? சவுரிமுத்து பொண்ணு பிளஸ்ஸிதானே நீ? ஸ்கூல் வேன்ல ஆயாவா போறவ?"

தலையாட்டினேன். வேனில் அழும் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் கதைகளை வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதிவைப்பேன். எல்லாக் கதையிலும் ஒரு பிள்ளை மரத்திலோ தண்ணீரிலோ மாட்டிக்கொள்ளும். வேறு மாதிரி எனக்குக் கதை வராது. ஒன்பதாவதோடு நின்றவள் எழுதுகிறாள் என்று சிரிப்பார்கள், அதனால் நோட்டுகள் அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கும். ஒரு கதையை மட்டும் துணிந்து சிறுவர் பத்திரிகைக்கு அனுப்பினேன். அடுத்த மாதம் போடுவதாக நேற்று போன் வந்தது. "ரெண்டு நாள் பொறுங்க சார்" என்று சொல்லிவிட்டேன்.

ஏனென்றால் அது நடந்த கதை. எனக்குப் பத்து வயதில், நானும் தம்பி ஜெபினும் இவர் வீட்டுப் பின்பக்கமிருந்த கல்யாண அண்டாவை உருட்டிப்போய் மாடம்பாக்கம் ஏரியில் விட்டு, அதில் ஏறி உட்கார்ந்தோம். நடு ஏரிக் கருவேலமரத்தில் கொக்குக் கூடு பார்க்க வேண்டும். திரும்பும்போது அண்டா முழுகிவிட்டது. நீந்திக் கரையேறியவர்கள் வாயைத் திறக்கவில்லை. தன் மச்சான் தினகரன்தான் அதைத் திருடி விற்றுவிட்டார் என்று அண்ணன் சண்டை போட்டார். இருபது வருடமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. நாங்கள்தான் என்று தெரியாமலிருக்கக் கதையில் அண்டாவைப் படகாக மாற்றிப் பார்த்தேன். கதை செத்துப்போனது.

நோட்டை நீட்டினேன்.

"கண்ணாடி வூட்ல கீது. நீயே படி."

என் எழுத்தை நான் யாருக்கும் படித்ததில்லை. முதல் பக்கம் முழுக்க நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல் படித்தேன். அண்டாவின் விளிம்பில் இருந்த நசுங்கல் வந்ததும் கை காட்டி நிறுத்தினார்.

"அது என் கல்யாணத்துல நசுங்குனது. உனக்கு எப்டித் தெரியும்?"

"நானும் தம்பியும்தான்ணா எடுத்துனு போனோம்."

"ஊரு முன்னால மச்சானத் திருடன்னு சொன்னேன்மா" என்றார். பிறகு, "அண்டா எதுவரைக்கும் போச்சு?"

"மரம் வரைக்கும்."

"பொய் சொல்லாத. அத்தத் தூக்கவே நாலு ஆளு வோணும்."

"மரத்தைத் தொட்டோம்ணா. கூட்டுல மூணு முட்டை இருந்துச்சு."

அவர் உதடு கோணியது. சிரிப்பா, கோபமா, தெரியவில்லை. போனை எடுத்து யாருக்கோ அடித்து, ஸ்பீக்கரில் போட்டு, கவிழ்த்திருந்த வாணலியின்மேல் வைத்தார்.

"ஹலோ, யாரு?" என்றது அந்தப் பக்கம்.

"மச்சான், பொன்னுரங்கம் பேசறேன். வெச்சிடாத. ஒரு பொண்ணு கத படிக்குது, கேளு."

மறுபக்கம் போனை வைக்கவில்லை, திரை வெளிச்சமாகவே இருந்தது. நான் முதல் பக்கத்துக்குத் திருப்பி, ஏரி நிரம்பிய காலையிலிருந்து படிக்கத் தொடங்கினேன்.