வெயிலில் காய்ந்த விதைக்கடலை

விதையை வெயில் காட்டாமல் விதைக்கிறவன் விவசாயியே இல்லை என்பது நல்லமுத்துவின் கட்சி. அந்தக் கட்சிதான் அவன் மானத்தை வாங்கியது.

ஜெலுத்தோங்கில் மண் கொட்டி மேடாக்கிய புது நிலத்தில் அவன் கடலை போட்டான். விவசாய ஆபீசில் அவனுக்கு ஒரு போத்தல் கொடுத்தார்கள். உள்ளே கலங்கிய பாகு மாதிரி ஏதோ இருந்தது.

"இதுல கண்ணுக்குத் தெரியாத உயிர் இருக்குய்யா. காத்துல இருக்கிற சத்தைப் பிடிச்சு வேருக்குக் கொடுக்கும். பால்ல கரைச்சு விதையில புரட்டு, நிழல்லயே ஆறவிட்டு அன்னிக்கே விதைச்சிடு" என்று அங்கே எழுத்து வேலை பார்க்கும் கிராணி படித்துப் படித்துச் சொன்னார்.

நல்லமுத்து பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினான். வீட்டுக்கு வந்தான், விதையைப் புரட்டினான், பாயை விரித்து உச்சி வெயிலில் பரப்பிவிட்டான். கிராணிக்கு விதையைப் பற்றி என்ன தெரியும்!

பக்கத்துப் பாத்தி சபூராவுடையது. தஞ்சோங் பட்டணத்தில் கடைகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் உட்கார்ந்து அவித்த கடலை விற்றுப் பிள்ளைகளைக் காப்பாற்றும் விதவை. அவன் புரட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு முறம் விதை கேட்டு வாங்கிப் போய், ஈரம் காய்வதற்குள் விதைத்துவிட்டாள்.

"அவ்வளவும் அழுகித்தான் போவும், பாரு" என்று மனைவி குணவதியிடம் சிரித்தான்.

இரண்டு பாத்தியும் முளைத்தன. ஆனால் போகப் போக அவள் செடி பச்சைப் பசேலென்று மதர்த்தது; இவனுடையது காமாலை கண்டதுபோல் வெளுத்தது. அவனுக்கு வயிறு எரிந்தது.

"அவ கண்ணுதான்லா! ஒரு முறம் விதையோட என் பாத்தி சத்தையே வாங்கிட்டுப் போயிட்டா."

மறுநாள் குழாயடியில் சபூரா குடத்தோடு நகர்ந்ததும், அவள் காலடி மண்ணை ஊரே பார்க்க வழித்தெடுத்தான். மிளகாயும் உப்பும் சேர்த்துத் தன் வாசலில் அடுப்பில் போட்டான். கமறவே இல்லை.

"நெடி வரலே, பாத்தீங்களா? அம்புட்டுத் திருஷ்டி!" என்று கத்தினான்.

சபூரா குடத்தை இறக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். பேச்சு அஞ்சடி வரைக்கும் போனது. கண்ணு வைக்கிறவள் கடலையைப் பிள்ளைக்கு யார் வாங்கிக் கொடுப்பார்கள்? அவள் கூடை போனபடியே திரும்பி வந்தது. வீட்டில் கஞ்சிக்கே இழுபறி.

நல்லமுத்துவோ வெளுத்த செடியைப் பிடுங்கிக்கொண்டு இன்னொரு போத்தல் கேட்க ஆபீசுக்குப் போனான். கிராணி வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அந்த உயிர் குடியிருக்கிற முண்டு ஒண்ணு கூட வேர்ல இல்லையே. விதையை எங்கய்யா வெச்சே?"

"வெயில்லதாங்க..."

"கொன்னுட்டியேய்யா! அந்த உயிருக்கு வெயில்தான் எமன். போத்தல் இப்ப கிடையாது. யார் செடி வேர்ல முண்டு இருக்கோ, அந்தப் பாத்தி மண்ணை அள்ளி அடுத்த விதையோட போடு."

திரும்பி வந்து சபூராவின் செடி ஒன்றைப் பிடுங்கினான். வேர் முழுக்க ஜவ்வரிசி ஒட்டினாற்போல் முண்டுகள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல் இருந்தது. செய்ததெல்லாம் பாவி அவன். பழி அவள் தலையில். அவள் பிள்ளைகளின் முகம் நினைவுக்கு வந்தபோது உடம்பே கூசியது.

"அவ கடலை விக்கப் போன நேரமா பாத்து ஒரு கூடை அள்ளிக்கிட்டா என்ன?" என்று குணவதியிடம் முனகினான்.

"வெக்கமா இல்லே? அன்னிக்கு ஊரே பாக்க அள்ளுனீங்க. இன்னிக்கு ஊரே பாக்கக் கேட்டு அள்ளுங்க."

காலையில் குழாயடியில் நின்றான்.

"சபூரா, உன் கண்ணும் இல்லே, மண்ணும் இல்லே. நாந்தான் விதையை வெயில்ல போட்டுக் கெடுத்தேன். உன் மேல அபாண்டமா பழி போட்டுட்டேன்மா. இப்ப உன் பாத்தி மண்ணே எனக்கு வேணும்."

பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சபூரா சிரிக்கவில்லை.

"அள்ளிக்கங்க அண்ணே. ஆனா என்கிட்ட கடலை வாங்குறவங்க யாரும் இங்க தண்ணி பிடிக்க வர்றதில்லே. இதை அஞ்சடியிலயும் வந்து சொல்லுங்க."

அன்று சாயங்காலம் அவள் கூடைக்குப் பக்கத்தில் போய் நின்றான். போகிற வருகிற ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடலை விற்கிறவன் கூவுவதுபோல, தன் முட்டாள்தனத்தைக் கூவத் தொடங்கினான்.