நாற்பத்தொரு தடவை

கல்லூரியிலிருந்து மூன்று மாணவர்கள் ஒரகடத்து ஆலைக்குள் நுழைந்த அன்றே அருள்பாண்டிக்குச் சரியாகப் படவில்லை.

கார் சீட்டுக்கான துணி செய்யும் ஆலை அது. துணியின் இரு ஓரங்களையும் ஊசிச் சங்கிலிகளில் குத்திப் பிடித்து, சூடான அறைகளுக்குள் இழுத்துச் சென்று, அகலத்தை நிலைப்படுத்தும் ஸ்டென்டர் இயந்திரத்தில் அவன் ஆறு வருடமாக நிற்கிறான். அகலம் நூற்றைம்பத்திரண்டு சென்டிமீட்டர் இருக்க வேண்டும். குறைந்தால் ஒரு பொத்தானை அழுத்துவான், சங்கிலிகள் விலகும். கூடினால் இன்னொரு பொத்தான்.

பக்கத்து ஸ்டென்டரில் மாரிராஜ். இருவரும் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்கள். வாலாஜாபாத்தில் ஒரே அறையில் தங்கி, ஒரே கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள்.

"காலேஜ் புராஜெக்டாம். அகலத்தை இனி மெஷினே பாத்துக்கிடுமாம்" என்றான் மாரிராஜ், சாப்பாட்டு நேரத்தில்.

"அப்ப நாம எதைப் பாக்கது?"

மாரிராஜ் சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

மாணவர்கள் துணியின் ஓரங்களுக்கு மேலே இரண்டு சென்சார்களைப் பொருத்தினார்கள். அவர்களில் சுகப்பிரியா என்ற பெண் இரண்டு ஸ்டென்டர்களும் தெரியும்படி அவனுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு நோட்டுடன் உட்கார்ந்தாள். அவன் தண்ணீர் குடித்தால் பேனா அசையவில்லை. பொத்தானை அழுத்தினால் அசைந்தது. மூன்றாம் நாள் சோதித்துப் பார்த்தான். பொத்தான் வரை கையைக் கொண்டுபோய், அழுத்தாமல் எடுத்தான். திரும்பியபோது அவளுடைய பேனா காகிதத்துக்கு மேல் நின்றுகொண்டிருந்தது.

அவள் சாப்பிடப் போனதும் ஸ்டூலில் கிடந்த நோட்டைப் புரட்டினான். ஒரு பக்கத்தில் அவன் பெயர், வரிசையாகக் கோடுகள், அடியில் நாற்பத்தொன்று. அடுத்த பக்கத்தில் மாரிராஜின் பெயர், ஐம்பத்தெட்டு. தப்புகளைத்தான் எண்ணுகிறார்கள் என்று முடிவு செய்தான். தன்னுடையது குறைவு என்பதில் சின்ன நிம்மதி. மாரிராஜிடம் அவன் எதுவும் சொல்லவில்லை.

பிற்பகல் முழுக்க அவன் பொத்தானைத் தொடவில்லை. ஒரு ரோல் நூற்று நாற்பத்தொன்பதுக்கு இறங்கிவிட்டது. சூப்பர்வைசர் கோதண்டம் ஓடிவந்தார்.

"இன்னாபா, துணி சுருங்கினு போவுது, நீ கையக் கட்டிகினு நிக்கிற?"

"தொட்டா எழுதுதாங்க சார். என்னத்த எண்ணுதாங்கன்னு எனக்குத் தெரியணும்."

சுகப்பிரியா நோட்டுடன் எழுந்து வந்தாள். "தப்பு எதுவும் எண்ணலண்ணா. நீங்க எப்ப அழுத்துறீங்கன்னு தெரிஞ்சாத்தான் மெஷினும் அப்ப சரிபண்ணும். காலைல மட்டும் நாப்பத்தோரு தடவ அழுத்துனீங்க."

"அவ்வளவையும் மெஷினே அழுத்திட்டா, நான் எதுக்கு?"

அவள் கோதண்டத்தைப் பார்த்தாள். அவர் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத நான் யார்கிட்டயும் கேக்கலண்ணா" என்றாள். "கேட்டிருக்கணும்."

ஏதாவது சமாதானம் சொல்வாள் என்று எதிர்பார்த்திருந்தான். அவள் சொல்லாததால் திரும்பிப் பொத்தானை அழுத்தினான்; துணி அகலத்துக்கு வந்தது.

மறுவாரம் மேலாளர் முன்னிலையில் சோதனை ஓட்டம் நடந்தது. எல்லோர் எதிரிலும் அவள் கேட்டாள். "சார், இது வந்தா ஆபரேட்டருங்க என்ன பண்ணுவாங்க?"

"அதெல்லாம் நாங்க பாத்துப்போம்மா" என்று சிரித்துவிட்டு மேலாளர் அகலத்தைக் காட்டும் திரையின் பக்கம் திரும்பினார். அகலம் ஒரு மில்லிமீட்டர்கூட நகரவில்லை.

இரண்டு மாதத்தில் இரு இயந்திரங்களுக்கும் அந்தத் தானியங்கி அமைப்பு வந்துவிட்டது. இரண்டையும் பார்த்துக்கொள்ள ஒரே ஆள் போதும் என்றார்கள். காரணம் சொல்லாமல் அருள்பாண்டியை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். மாரிராஜை பேக்கிங்குக்கு மாற்றினார்கள். நாள் முழுக்க ரோல் தூக்கும் வேலை.

அன்று பஸ்ஸில் மாரிராஜ் வேறு சீட்டில் உட்கார்ந்தான். அறைக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் வாய் திறந்தான்.

"அந்தப் புள்ள அன்னைக்கு உங்கிட்ட ரொம்ப நேரம் பேசிட்டு இருந்துச்சே?"

"வேலையப் பத்தித்தாம்டே."

"எங்கிட்ட ஏன் ஒரு வார்த்தகூட பேசல?"

நோட்டைப் பார்த்ததை இப்போதாவது சொல்லலாம். சொன்னால், அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பான்.

"தெரியல" என்றான் அருள்பாண்டி.

மாரிராஜ் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுப் பாயை விரித்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையை எடுத்துக்கொண்டு படப்பையில் வேறு அறைக்குப் போய்விட்டான்.

கேன்டீனில் எதிர்ப்பட்டால் இப்போதும் விசாரிக்கிறான். "மெஷின் நல்லா ஓடுதா?"

"ஓடுது."

அவ்வளவுதான் பேச்சு. தட்டோடு இடம் தேடி உட்கார்ந்த பிறகும், அவன் எதை நினைத்து அப்படிக் கேட்டான் என்பதே அருள்பாண்டியின் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.