பாலத்துக்கு இந்தப் பக்கம்

பாலம் முடிகிற இடத்தில் தகரக் கூரை போட்டு ஒரு சோதனைச் சாவடி. முதுகில் மருந்து டேங்கைக் கட்டிக்கொண்டு, வருகிற வண்டிகளின் சக்கரங்களில் பீய்ச்சுவது அங்கே அவளுடைய வேலை. கால்நடைத் துறையில் உதவியாளராகச் சேர்ந்து எத்தனையோ மாடுகளுக்கு ஊசி போட்டவள், பிரசவம் பார்த்தவள். இந்த உத்தரவு வந்ததிலிருந்து எல்லாருக்கும் ‘மருந்தக்கா’ ஆகிவிட்டாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாடுகளுக்குக் கோமாரி. போதாக்குறைக்கு நாய்களுக்கு வெறிநோய். மாடு, ஆடு, நாய் எதுவும் பாலத்தைத் தாண்டக் கூடாது. மனிதர்கள் மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுப் போகலாம்.

முதலில் கொஞ்ச நாள் சிரிப்பும் கூத்துமாகத்தான் போனது. நாற்காலி ஏற்றி வந்த லாரி டிரைவர், “என் சரக்குக்கும் நாலு காலுதான் மருந்தக்கா, விடுவீங்களா மாட்டீங்களா?” என்று கேட்டான். காரில் வந்த ஒரு தம்பதி நாய்க்குட்டியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, “குழந்தை இப்பதான் கண்ணசந்துச்சு” என்றார்கள். குழந்தை குரைத்தது. சாவடிக்குப் பொறுப்பாக இருந்த டாக்டருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனாலும் வண்டியைத் திருப்பத்தான் சொன்னார்.

ஒரு மத்தியானம் அவள் தம்பி வந்தான்.

அப்பா அம்மா போன பிறகு பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சம் இருந்தது அவன்தான். அக்கரையில் இரண்டு பசுக்களை வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கிறவன். அவன் கொண்டுவந்த வேனின் பின்தட்டில் ஒரு கிடாரிக் கன்று நின்றுகொண்டிருந்தது. அது பிறந்தபோது முன்னங்கால் மடங்கிக்கொண்டு வெளியே வராமல், அவள்தான் போய்க் கையை விட்டு நிமிர்த்தி எடுத்தாள்.

“பக்கத்து வீட்டு மாடு எச்சில் ஒழுக்கிட்டு நிக்குதுக்கா. நாளைக்கு நம்ம கொட்டகைதான். இது ஒண்ணையாவது உன் வீட்டுப் பின்னால கட்டி வையேன். எல்லாம் ஓய்ஞ்சதும் ஓட்டிட்டுப் போயிடுறேன்.”

வேனில் ஏறிக் கன்றின் வாயைப் பிளந்து பார்த்தாள். நாக்கு, ஈறு, குளம்பின் பிளவு. எங்கேயும் ஒரு கொப்புளம் இல்லை. கன்று அவள் விரலைப் பிடித்துச் சப்பியது.

சாப்பாட்டுப் பாத்திரத்தோடு நின்ற டாக்டர் வேனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “உங்க தம்பிதானே? நான் சாப்பிட உக்காரப் போறேன். எந்திரிக்கக் கொஞ்சம் நேரமாகும். நீங்களே பாத்துக்கோங்க” என்று உள்ளே போய், நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குப் புரியாமலில்லை. அவள் வீட்டுப் பின்னால் வரிசையாக இருக்கிற அக்கம்பக்கத்தார் மாட்டுக் கொட்டகைகளும் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தன.

“திருப்பிக்கோப்பா” என்றாள்.

“இப்பதானே வாயைப் பாத்தே. என்ன இருக்கு அதுல?”

“ஒண்ணும் இல்ல.”

“அப்புறம் என்ன?”

“இன்னைக்கு இல்ல. உள்ளுக்குள்ள இருந்தா வெளிய தெரியறதுக்கு முன்னாடியே பரவும். திருப்பு.”

சண்டை போடுவான் என்று நினைத்தாள். அவன் “சரிக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்து வண்டியைத் திருப்பினான். திரும்புகிற வண்டிக்கும் மருந்து அடிக்க வேண்டும் என்பது உத்தரவு. அடித்தாள்.

அடுத்த வாரம் தம்பி மனைவி போன் செய்தாள்.

“அண்ணி, கன்னு போயிடுச்சு. காலையில நல்லாத்தான் துள்ளிட்டிருந்துச்சு. பால் குடிக்கப் போனது அப்படியே மடங்கி விழுந்துடுச்சு.”

சின்னக் கன்றுகளுக்கு இந்த நோய் வாய்க்கு வருவதற்கு முன்னால் இருதயத்துக்குப் போய்விடும். அது அவளுக்குத் தெரியும். ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்றும் தெரியும். “குழியை ஆழமா வெட்டி, சுண்ணாம்பு நிறையப் போடச் சொல்லு” என்றுதான் வாயில் வந்தது. போனை வைத்துவிட்டு அடுத்த லாரியின் சக்கரத்துக்குப் போனாள்.

வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம், அடுப்பில் கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்வதைப் போல, “தம்பி வீட்டுக் கன்னு செத்துப்போச்சு” என்றாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை வரும் என்று அவளும் எதிர்பார்த்தாள். வரவில்லை. உட்கார்ந்தே மரத்துப்போன காலை ஊன்றி நடக்கிற மாதிரி அந்த நாட்கள் போயின. தரையில் கால் படுவது தெரிந்தது; தன் கால் என்றுதான் தெரியவில்லை.

லீவு கிடைத்த அன்று பாலத்தைத் தாண்டி நடந்தே போனாள். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று தயாராகத்தான் போயிருந்தாள். தம்பி கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்து, “சாப்பிட்டியா?” என்றான்.

இரண்டு பசுக்களும் நூல் நூலாக எச்சில் வடித்தபடி நின்றன. அவள் சோடா உப்பைக் கரைத்து வாயைக் கழுவினாள். புண்ணுக்குத் தேன் தடவினாள். அவன் கொம்பைப் பிடித்துக்கொண்டான்.

“நாக்கை இன்னும் கொஞ்சம் வெளிய இழுக்கவா?”

“ம்.”

இரண்டு பசுக்களையும் முடித்துவிட்டுக் கிளம்பினாள். வாசல் வரை வழியனுப்ப வந்த தம்பி மனைவி, “உங்களை நாலு வார்த்தை திட்டித் தொலைச்சாக்கூடத் தேவலை அண்ணி. என்கிட்டயும் பேச மாட்டேங்குறாரு” என்றாள்.

திரும்பி வந்ததும் சாவடியிலேயே புடவையை மாற்றி, செருப்பை இரண்டு தடவை மருந்தில் ஊற வைத்தாள்.

மாதம் முடிவதற்குள் நோய் இந்தப் பக்கமும் வந்துவிட்டது. சந்தையை ஒட்டிய ஒரு கொட்டகையில் முதலில் தெரிந்தது. “காத்துல வந்துச்சோ, பால் கேன்ல வந்துச்சோ, யார் செருப்புல வந்துச்சோ” என்று டாக்டர் கையை விரித்தார். இரண்டு பக்கமும் நோய் வந்த பிறகு பாலத்தில் காவல் எதற்கு? சாவடியைப் பிரித்துக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையில் போட்டார்கள். அங்கேயும் அவள் அதே டேங்கோடு நின்றாள்.

அங்கே நிற்கும்போதுதான் தம்பி கூப்பிட்டான்.

“பாலத்துல இப்ப யாரும் இல்லையாமேக்கா?”

“இல்லப்பா. ரெண்டு பக்கமும் இப்ப ஒண்ணுதான். தேறின மாடா இருந்தா, டாக்டர்கிட்ட காட்டிட்டு ஓட்டிட்டு வரலாம்.”

“அப்ப அந்தத் தாய்ப்பசுவைக் கொஞ்ச நாள் உன் வீட்டுல கட்டுறேன். கன்னு நின்ன இடத்தையே பாத்துப் பாத்துக் கத்துது. எங்களால வீட்டுல இருக்க முடியல.”

“கூட்டிட்டு வா.”

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கொண்டுவந்தான். பசு இளைத்து, முதுகெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. புது இடத்தை ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத் தீவனத்தில் வாயை வைத்தது. அக்காவும் தம்பியும் பின்கட்டுப் படியில் உட்கார்ந்து காபி குடித்தார்கள்.

“அன்னைக்கு நான் கன்னை ஆத்துல இறக்கியே ஓட்டிட்டு வந்திருக்கலாம்” என்றான், பசுவைப் பார்த்துக்கொண்டே. “முழங்கால் தண்ணிதான் இருந்துச்சு. ஊர்ல பாதிப் பேர் ராத்திரி அப்படித்தான் ஓட்டினாங்க.”

“தெரியும்.”

“நீ அங்க நின்னுட்டிருந்தே. அதான் ஓட்டல.”

காபி ஆறிப்போயிருந்தது, குடித்து முடித்தாள். அழலாமா என்று யோசித்துப் பார்த்தாள், இப்போதும் வரவில்லை. பசுவுக்குப் பால் தேங்கி மடி கட்டியிருந்தது. நோய் விட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகிறது என்பதால் அந்தப் பாலை யாருக்கும் கொடுக்கக் கூடாது, கறந்து குழியில்தான் ஊற்ற வேண்டும். எழுந்துபோய் வாளியை எடுத்து வந்து, மடியைக் கழுவிவிட்டுக் கறக்க உட்கார்ந்தாள். தம்பி வந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.